முதாகரா: மத்ரஸா மாணவர் தாமே நடத்திய நூலாய்வு வட்டங்கள்

ஹிஜ்ரி 779ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 1377இல், இன்றைய அல்ஜீரியாவிலுள்ள இப்னு ஸலாமா கோட்டையில் தனித்திருந்து முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன், கல்வி பற்றிய அத்தியாயத்தில் தம் காலத்து மாணவரைக் குறித்து ஒரு முறைப்பாட்டை முன்வைக்கின்றார். மஃரிப் தேசத்து மாணவர்கள் அறிஞர்களின் அவைகளில் ஆண்டுக்கணக்காக அமர்ந்திருக்கின்றனர். ஆயினும் வாய் திறப்பதில்லை. ஒரு பிரச்சினையைப் பற்றிப் பேசுவதுமில்லை, வாதிடுவதுமில்லை. மனனம் செய்வதிலேயே அளவுக்கு மீறிய கவனம் செலுத்துகின்றனர். கற்று முடித்துவிட்டதாகக் கருதப்படும் ஒருவர் பேசவோ விவாதிக்கவோ கற்பிக்கவோ நேரும்போதுதான் அவரிடம் ஒன்றுமில்லை என்பது வெளிப்படுகின்றது. ஆனால் மனனத்தில் அவரை எவரும் விஞ்ச முடியாது.

இம்முறைப்பாட்டுடன் அவர் ஒரு கணக்கையும் தருகின்றார். மஃரிபின் மத்ரஸாக்களில் ஒரு மாணவர் தங்கியிருப்பதற்கு விதிக்கப்பட்ட காலம் 16 ஆண்டுகள். தூனிஸில் அது 5 ஆண்டுகள். ஒருவருக்கு அறிவாற்றல் கைகூடுமா கைகூடாதா என்பது தெரிவதற்கு ஐந்தாண்டுகள் போதுமானவை என்று தூனிஸில் கருதப்பட்டது. மஃரிபில் அது மும்மடங்கிற்கும் மேலாக நீண்டதற்குக் காரணம் கற்பித்தல் முறையின் சீர்கேடே அன்றி வேறில்லை என்பது அவரது முடிபு. இதற்கு அவர் கூறும் பரிகாரம் ஆசிரியர்களின் தொகையைக் கூட்டுவதுமன்று, நூல்களைப் பெருக்குவதுமன்று. அறிவுப் பிரச்சினைகளில் மாணவர் தம் நாவை அவிழ்த்துக்கொள்ள வேண்டும். உரையாடலும் விவாதமுமே அதற்கு மிக எளிய வழி என்கின்றார்.

அவர் இங்கு கையாளும் 'மலகா' என்ற சொல் ஆழ்ந்து நோக்கத்தக்கது. பழகிப் பழகி உள்ளத்தில் நிலைகொண்டுவிட்ட தேர்ச்சியையே அது குறிக்கின்றது. மலகா வேறு, விளங்கிக்கொள்ளல் வேறு, மனனம் வேறு என்று அவர் வரம்பு பிரிக்கின்றார். ஒரு தனிப் பிரச்சினையை விளங்கிக்கொள்ளல் அறிஞருக்கும் கூடும், தொடக்கநிலை மாணவருக்கும் கூடும், ஒன்றும் கல்லாத பாமரருக்கும் கூடும். மலகாவோ அறிஞருக்கு மட்டுமே உரியது. தாமே சிந்தித்துத் தாமே முன்செல்லும் கற்போரைப் பற்றி இன்று கல்வியியலாளர் எழுதிக் குவிக்கும் பக்கங்களிற் பலவற்றை இந்த ஒரு வேறுபாட்டுக்குள் அடக்கிவிடலாம் என்றே தோன்றுகின்றது.

ஆயின் இப்னு கல்தூன் இதனைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. தமக்கு முன் பல நூற்றாண்டுகள் உயிரோடிருந்து தம் மண்ணில் நலிந்துவிட்ட ஒரு வழக்கத்தின் மறைவுக்கே அவர் இரங்குகின்றார். அவ்வழக்கத்தின் பெயர் முதாகரா. ஒருவருக்கொருவர் நினைவூட்டிக்கொள்ளல் என்பது அதன் சொற்பொருள். ஆசிரியர் எழுந்து சென்றபின் மாணவர் தமக்குள் வட்டமாக அமர்ந்து, படித்த பகுதியை மீட்டுரைத்து, ஐயங்களை எழுப்பி, ஒருவர் கூற்றை மற்றவர் சோதித்துக்கொள்ளும் அமர்வே அது.

இதன் வேர் மிகப் பழையது. ஹதீஸ்களை உங்களுக்குள் பேசிக்கொண்டிருங்கள், ஒரு பேச்சு மற்றொரு பேச்சை எழுப்பும் என்ற கருத்தில் நபித்தோழர் அபூ ஸஈத் அல்-குத்ரீ (ரலி) அறிவுறுத்தியதாக அறிவிப்பு உண்டு. இமாம் தாரிமீ (மறைவு 869) தமது ஸுனன் தொகுப்பில் அறிவை முதாகரா செய்வதற்கென்றே ஒரு தனிப் பாடத்தை ஒதுக்கியுள்ளார். தொடக்கத்தில் இதன் நோக்கம் மறதியைத் தடுப்பதாகவே இருந்தது. எழுத்தைவிட நினைவே ஏற்றம் பெற்றிருந்த காலத்தில் அது இயல்பே.

கூஃபாவில் இமாம் அபூ ஹனீஃபாவின் (மறைவு 767) வட்டத்தில் இது வேறொரு பரிமாணத்தைப் பெற்றது. அங்கு ஒரு சட்டப் பிரச்சினை முன்வைக்கப்பட்டால் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் கருத்தைக் கூறுவர். சில வேளைகளில் அவ்வாய்வு பல நாள்கள் நீளும். அதன் பின்னரே முடிவு பதியப்படும் என வரலாற்றாசிரியர்கள் கூறுவர். இவ்வறிவிப்புகளின் ஒவ்வொரு விவரத்தையும் ஐயமறக் கொள்ள இயலாது என்று வாதிடுவோர் உளர். எனினும் அவ்வட்டத்தின் விளைவு ஹனஃபீ நூல்களில் கண்கூடாக நிற்கின்றது. அபூ யூஸுஃபும் முஹம்மத் அஷ்-ஷைபானீயும் தம் ஆசானுடன் எண்ணற்ற பிரச்சினைகளில் மாறுபட்டனர். அம்மாறுபாடுகள் மறைக்கப்படாமல் ஆசானின் கருத்துக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்கப்பட்டன. மாணவரின் மறுப்பைத் தன் மூலநூல்களிலேயே பாதுகாத்து வைத்த சட்டமரபு அது.

மத்ரஸா ஒரு நிறுவனமாக உருப்பெற்றபோது முதாகராவும் நிறுவனத்துக்குள் இடம்பெறத் தொடங்கிற்று. பக்தாதில் 1067இல் நிஸாமுல் முல்க்கின் பெயரால் நிஸாமிய்யா திறக்கப்பட்டது. அக்கால மத்ரஸாக்களில் முதர்ரிஸ் எனப்பட்ட பேராசிரியருக்கும் மாணவருக்கும் இடையே முஈத் என்றொரு பதவி உருவாயிற்று. மீளக் கூறுபவர் என்பது அதன் பொருள். முஈத் பெரும்பாலும் மாணவரிலிருந்தே உயர்ந்தவர்; சில ஆண்டுகளுக்கு முன் தாமே அந்த வட்டத்தில் திணறியவர். 1234இல் பக்தாதில் திறக்கப்பட்ட முஸ்தன்ஸிரிய்யாவில் நான்கு மத்ஹப்களுக்கும் தனித்தனியே 62 மாணவர் வீதம் இடமளிக்கப்பட்டது. ஒவ்வொரு முதர்ரிஸுக்கும் நான்கு முஈத்கள் இருந்தனர். வகுத்துப் பார்த்தால் ஏறத்தாழ 15 மாணவருக்கு ஒருவர். ஒரு வட்டமாக அமர்ந்து ஒருவரின் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவதற்கு அதைவிடப் பெரிய தொகை ஒவ்வாது என்பதை அனுபவமுள்ள எந்த ஆசிரியரும் அறிவார். பிற்காலத்தில் தாஜுத்தீன் அஸ்-ஸுப்கீ (மறைவு 1370), பாடத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதற்கு மேலாக ஒரு கடமை முஈதுக்கு உண்டு, மாணவருக்கு விளக்கிப் பயனளிக்காதவர் அப்பதவிக்கு உரியவரல்லர் என்ற கருத்தில் எழுதுகின்றார். அவர் அவ்வாறு வற்புறுத்த நேர்ந்தமையே, ஊதியத்தை மட்டும் பெற்றுக்கொண்டு வாளாவிருந்த முஈத்கள் அன்றும் இருந்தனர் என்பதைச் சொல்லாமற் சொல்கின்றது.

மாணவர் தாமே நடத்தும் அமர்வுகளுக்கு ஒழுங்கு வகுத்துத் தந்த இருவரை இங்கு சிறப்பாகக் குறிப்பிட வேண்டும். ஒருவர் பத்ருத்தீன் இப்னு ஜமாஆ (மறைவு 1333). பாடம் முடிந்தவுடன், அவை கலையும் முன்பே, உள்ளங்கள் சிதறுவதற்கு முன் முதாகரா நிகழவேண்டும் என்பது அவரது அறிவுரை. அதற்குச் சிறந்த வேளை இரவு. முன்னோருள் ஒரு சாரார் இஷாவுக்குப் பின் அமர்ந்து, சில வேளைகளில் ஃபஜ்ரு பாங்கு கேட்கும்வரை எழாதிருந்தனர் என்பதை அவர் கதீப் அல்-பக்தாதீயின் வழியாக எடுத்துக்காட்டுகின்றார். உடன் பேச எவரும் கிட்டாத மாணவர் தம்முடனே தாம் உரையாட வேண்டும். கேட்டவற்றின் சொல்லையும் பொருளையும் தம் உள்ளத்திலேயே மீட்டிப் பார்க்க வேண்டும். வட்டத்தில் பேசிப் பழகியவர்க்கே இத்தனி உரையாடல் கைவரும் என்பதை அவர் விரித்துரைக்கவில்லை. ஆயினும் வரிசையை அவ்வாறே அமைத்துள்ளார்.

மற்றவர் புர்ஹானுத்தீன் அஸ்-ஸர்னூஜி. ஹிதாயாவின் ஆசிரியர் மர்கீனானீயின் (மறைவு 1197) மாணவரான இவர் எழுதிய 'தஃலீமுல் முதஅல்லிம்' என்ற சிறுநூல், கற்போருக்கு வழிகாட்டியாகப் பல நூற்றாண்டுகள் மத்ரஸாக்களில் வாசிக்கப்பட்டு வந்தது. நேற்றைய பாடத்தை ஐந்து முறையும், முந்தாநாளையதை நான்கு முறையும், அதற்கு முந்தியதை மூன்று முறையும் என இறங்குவரிசையில் மீட்டுமாறு அவர் கூறுவது பலரும் அறிந்தது. மனப்பாட மரபின் சான்றாகவே அது அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றது. ஆனால் அதே நூலில், மாணவர் ஒருவரோடொருவர் வினாக்களை எறிந்து ஆய்தல் தனித்திருந்து மீட்டுவதினும் பயன்மிக்கது, அதில் மீட்டலும் உண்டு, அதற்கு மேல் அறிவின் பெருக்கமும் உண்டு என்று அவர் காரணங்காட்டி நிறுவுவதை ஏனோ பலர் கவனத்திற் கொள்வதில்லை.

ஸர்னூஜியின் பார்வையில் இவ்வமர்வு ஒரு கலந்தாலோசனை; உண்மையை வெளிக்கொணர்வதே அதன் இலக்கு. நிதானமும் நடுநிலையும் இன்றி அது கைகூடாது. சினமும் கூச்சலும் அதனைக் கெடுக்கும். எதிராளியை வீழ்த்தும் நோக்கம் புகுந்துவிட்டால் அவ்விவாதம் ஆகுமானதன்று. சொற்புரட்டும் தந்திரமும் கூடா. எதிரே இருப்பவர் உண்மையைத் தேடாமல் வேண்டுமென்றே இடர்ப்படுத்துபவராயின் மட்டும் விலக்கு உண்டு என்கின்றார். அத்தகைய தோழரைப் பல ஆண்டுகள் சகித்துக்கொண்டவர்தாம் இவ்விதிவிலக்கை எழுதியிருக்க முடியும்! கோணலான இயல்புடையவரோடு முதாகரா செய்ய வேண்டாம், இயல்பு தொற்றிக்கொள்ளும் என்றும் அவர் எச்சரிக்கின்றார்.

இவ்வெச்சரிக்கைகள் வெறும் உபதேசங்களல்ல. விவாதம் அரசவைகளில் புகழுக்கும் பதவிக்கும் வாயிலாகிவிட்ட காலம் அது. நிஸாமிய்யாவில் 1091இல் பேராசிரியராக அமர்ந்து 1095இல் அதனைத் துறந்து வெளியேறிய இமாம் கஸ்ஸாலி, அந்தச் சந்தையை உள்ளிருந்து கண்டவர். இஹ்யாவின் அறிவு பற்றிய முதற் பகுதியில் அவர் விவாதத்துக்கு எட்டு நிபந்தனைகளை விதிக்கின்றார். உண்மையைத் தேடுபவர் தொலைந்த பொருளைத் தேடுபவரைப் போன்றவர். அது தம் கையில் அகப்பட்டாலென்ன, துணைக்கு வந்தவர் கையில் அகப்பட்டாலென்ன, அவருக்கு மகிழ்ச்சி ஒன்றே என்ற பொருளில் அவர் கூறும் உவமை அவற்றுள் ஒன்றை விளக்க வந்தது. பேரவையினும் தனிமையே விவாதத்துக்கு உகந்தது என்பது மற்றொரு நிபந்தனை. பார்வையாளர் இல்லாத இடத்தில் வெற்றிக்கு விலையில்லை. மாணவர் தமக்குள் இரவில் அமரும் முதாகராவுக்கும் அமீரின் முன்னிலையில் நிகழும் முனாழராவுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

கஸ்ஸாலியைப் பற்றி மற்றொரு நிகழ்ச்சியும் வழங்குகின்றது. ஜுர்ஜானிலிருந்து ஊர் திரும்பும் வழியில் கொள்ளையர் அவரது பாடக்குறிப்புகள் அடங்கிய பையைப் பறித்துக்கொண்டனராம். அதைத் திருப்பித் தருமாறு அவர் மன்றாடியபோது, ஒரு பையோடு போய்விடும் அறிவை எங்ஙனம் அறிவென்கிறாய் என்று கொள்ளையர் தலைவன் நகைத்தானாம். அவர் தூஸுக்குத் திரும்பி மூன்றாண்டுகள் அக்குறிப்புகளை மனனம் செய்தார் என்று கதை முடிகின்றது. ஸுப்கீ தமது வரலாற்று நூலில் இதனைப் பதிந்துள்ளார். மனனத்தின் பெருமைக்கு இதனைச் சான்றாக்குவது வழக்கம். கஸ்ஸாலியின் பிற்கால எழுத்துக்களைப் படித்தவருக்கு அம்மூன்றாண்டுகள் தொடக்கமாகவே தெரியும். பையிலிருந்த அறிவை நினைவுக்கு மாற்றியவர், பின்னர் அந்நினைவையே கேள்விக்கு உட்படுத்தினார் அன்றோ?

மலகா மனிதர் வழியாகவே பரவுவது என்பதற்கு இப்னு கல்தூன் தரும் சான்றும் சுவையானது. குர்துபாவும் கைரவானும் அழிந்தபின் மஃரிபில் கற்பித்தற் சங்கிலி அறுந்துபோயிற்று. ஹிஜ்ரி 7ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காழி இப்னு ஸைத்தூன் கிழக்கே பயணம் செய்து, இமாம் ஃபக்ருத்தீன் அர்-ராஸீயின் மாணவர்களிடம் பயின்று தூனிஸுக்குத் திரும்பினார். நூல்கள் முன்னரும் தூனிஸில் இருந்தன. அவற்றைப் படிக்கும் முறையையே அவர் கொண்டுவந்தார்.

நம் பக்கமும் இம்மரபு வேரூன்றியிருந்தது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலபாரின் பொன்னானியில் ஷைக் ஸைனுத்தீன் மக்தூம் (1467–1522) நிறுவிய பள்ளிவாசல் தர்ஸில், தொங்கும் எண்ணெய் விளக்கைச் சூழ அமர்ந்து மாணவர் ஓதினர். 'விளக்கத்திரிக்கல்', அதாவது விளக்கடியில் அமர்தல், என்பது அங்கு கல்வித் தகைமையைக் குறிக்கும் தொடராகவே நிலைத்துவிட்டது. இக்குடும்பத்தினர் மஅபர் கரையிலிருந்து மலபாருக்குச் சென்றவர்கள் என்பதைப் பெயரோடு ஒட்டிய 'மஅபரி' என்ற அடைமொழி இன்றும் நினைவூட்டுகின்றது.

வட இந்தியாவில் லக்னோவின் பரங்கி மஹல் இதற்கு ஒரு பாடவிதானத்தின் வடிவத்தைக் கொடுத்தது. ஐரோப்பிய வணிகர் ஒருவருக்கு உரியதாக இருந்ததால் இப்பெயர் பெற்ற மாளிகையை, தந்தை கொலையுண்டபின் முல்லா நிஸாமுத்தீனின் குடும்பத்துக்கு ஒளரங்கசீப் வழங்கினார். நிஸாமுத்தீன் (மறைவு 1748) வகுத்த தர்ஸே நிஸாமியின் உள்ளீடு பற்றி இன்று பல குறைகள் கூறப்படுகின்றன. அவற்றுட் சில நியாயமானவையே. ஆனால் அதன் அடிப்படைத் தத்துவம் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. ஒவ்வொரு கலையிலும் மிகக் கடினமான, மிகச் சுருக்கமான ஓரிரு நூல்களை மட்டும் ஆசிரியரோடு படித்தால், எஞ்சியவற்றை மாணவர் தாமே படித்துக்கொள்வார் என்பது அதன் எதிர்பார்ப்பு. எல்லா நூல்களையும் ஓதிமுடிப்பது அதன் நோக்கமாக இருக்கவில்லை. இந்த எதிர்பார்ப்பு நிறைவேற மூன்று படிகள் வழக்கிலிருந்தன: பாடத்துக்கு முன் மாணவர் தாமே வாசித்துவரும் முதாலஆ, ஆசிரியர் முன் நிகழும் தர்ஸ், அதன்பின் மாணவருள் ஒருவர் முன்னின்று நடத்தும் தக்ரார். 1866இல் தொடங்கப்பெற்ற தேவ்பந்த் வகுப்பு, பரீட்சை, நூலகம் என்று புதிய நிறுவன வடிவத்தை எடுத்தபோதும் தக்ராரைக் கைவிடவில்லை. நிஸாமி மரபைப் பின்பற்றிய வேலூர் பாகியாத்துஸ் ஸாலிஹாத்தின் வழியாகத் தமிழ் ஆலிம்களும், அங்கு சென்று கற்ற இலங்கை ஆலிம்களும் இச்சொல்லை நன்கறிவர். நஜஃபிலும் கும்மிலும் இதே வழக்கம் முபாஹஸா என்ற பெயரில் நிலவுகின்றது. பெரும்பாலும் இருவர் இணையாக அமர்ந்து, ஒரு நாள் ஒருவரும் மறுநாள் மற்றவரும் ஆசிரியராகி, பாடத்தைத் துருவி ஆராய்வர்.

ஆயினும் வழக்கம் ஒன்று சடங்காகிவிடுவதற்கு அதிக காலம் தேவையில்லை. ஆசிரியரின் குறிப்பை ஒருவர் உரத்து ஒப்புவிக்க ஏனையோர் தலையாட்டும் அமர்வுக்கும் தக்ரார் என்றே பெயர் வழங்குகின்றது. இது நமக்கு மட்டும் உரிய குறையன்று. அமெரிக்கப் பாடசாலைகளில் மாணவர் தாமே நடத்தும் வாசிப்பு வட்டங்களைப் பற்றி 1994இல் நூல் வெளியிட்ட ஹார்வி டேனியல்ஸ், வினாத் தொடுப்பவர், தொடர்புபடுத்துபவர் எனப் பங்குகளைப் பிரிக்கும் தாள்களை அதில் பரிந்துரைத்தார். 2002இல் அந்நூலைத் திருத்தி வெளியிட்டபோது, மாணவர் அத்தாள்களை நிரப்புவதிலேயே நின்றுவிடும் அபாயத்தைக் கண்டு அவற்றின் முக்கியத்துவத்தை அவரே குறைத்துக்கொண்டார்.

வட்டம் ஒரு மாணவரின் வாழ்வைத் திருப்பிவிட்டதற்கு முஹம்மத் அப்துஹுவை (1849–1905) விடத் தெளிவான சான்று அரிது. 1862இல் தந்தாவின் அஹ்மதீ பள்ளிக்கு அனுப்பப்பட்ட அவர், ஆஜுர்ரூமிய்யா என்ற இலக்கணச் சிறுநூலுக்கு கஃப்ராவீ எழுதிய விரிவுரையோடு கல்வியைத் தொடங்கினார். ஒன்றரை ஆண்டுகள் ஒன்றுமே விளங்கவில்லை. கலைச்சொற்களின் பொருளை அறியாதவர்கள் முன் அமர்ந்திருக்கின்றனர் என்பதை ஆசிரியர்கள் பொருட்படுத்தவேயில்லை என்று பிற்காலத்தில் அவர் எழுதினார். ஓடிப்போனார், மீண்டும் கொண்டுவரப்பட்டார், மீண்டும் ஓடினார். இனி உழவுதான் என்று முடிவும் செய்தார்.

இரண்டாம் முறை ஓடியபோது அடைக்கலம் புகுந்த சிற்றூரில், உறவுமுறையில் மூத்தவரான ஷைக் தர்வீஷ் ஆன்மிகக் கடிதங்கள் அடங்கிய ஒரு நூலை அவரிடம் நீட்டி, தமக்காகச் சில வரிகள் வாசித்துக் காட்டுமாறு வேண்டினார். இளைஞர் முதலில் மறுத்தார். வற்புறுத்தலின்பேரில் சில வரிகளை வாசித்தார். முதியவர் அவற்றை எளிய சொற்களில் விளக்கினார். மறுநாளும் அவ்வாறே. சில நாள்களுக்குள் நூலைத் தாமே கேட்டு வாங்கி, விளங்காத இடங்களைக் குறித்துக்கொண்டு வரும் நிலைக்கு அவர் வந்துவிட்டார். தந்தாவுக்குத் திரும்பியபோது பாடம் அதே பாடம், ஆசிரியர்களும் அவர்களே. ஆனால் இம்முறை விளங்கியது. அதைக் கண்ட சகமாணவர், வரவிருக்கும் பாடத்தை முன்கூட்டித் தம்மோடு வாசிக்குமாறு அவரைச் சூழ்ந்துகொண்டனர்.

1866இல் அஸ்ஹருக்குச் சென்றபின்னும், 1871இல் கெய்ரோ வந்த ஜமாலுத்தீன் அஃப்கானீயின் இல்லத்தில் பாடவிதானத்துக்கு வெளியேயான தர்க்க, தத்துவ நூல்களைப் படித்தபோதும் அவ்வட்டங்கள் தொடர்ந்தன. அங்கேதான் சிக்கலும் எழுந்தது. நஸஃபீயின் அகீதாவுக்கு தஃப்தாஸானீ எழுதிய விரிவுரையை அப்துஹு அஸ்ஹரில் தம் சகமாணவருக்கு வாசித்துக்கொடுக்க, அவர் முஃதஸிலாக் கருத்தின் பக்கம் சாய்கின்றார் என்ற பேச்சுக் கிளம்பிற்று. மூத்த ஆலிமான ஷைக் இல்லைஷ் அவரை அழைத்து விசாரித்தார். 1877இல் ஆலிமிய்யாப் பரீட்சையில் அவருக்குக் கிட்டியது இரண்டாம் தரமே. அகீதா நூலொன்றை மாணவரொருவர் மாணவருக்கு விளக்கியமை ஏன் இத்தனை கலக்கத்தை விளைவித்தது? நூல் புதியதன்று, அது அஸ்ஹரில் நெடுங்காலமாகப் படிக்கப்பட்டு வந்ததே. மேற்பார்வையின்றி நடந்த வாசிப்பே கலக்கத்துக்குக் காரணம். முதாகராவைப் புகழும் பழைய நூல்கள் இந்த அச்சத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கேள்வி கேட்கப் பழகியவர் எந்த இடத்தில் கேள்வியை நிறுத்துவார் என்பதை எந்த நிறுவனமும் முன்கூட்டி வரையறுத்துவிட முடியாது.

பிற்காலத்தில் அப்துஹுவே அஸ்ஹரில் பாடம் நடத்தியபோது, அதற்கு முந்திய மாலைகளில் மாணவர் அறைகளில் என்ன நிகழ்ந்தது என்பதைத் தாஹா ஹுஸைன் 'அல்-அய்யாம்' நூலின் இரண்டாம் பகுதியில் விரிவாக எழுதியுள்ளார். 1902இல் பதின்மூன்று வயதில் அஸ்ஹருக்கு வந்த அவர் கண்பார்வையற்றவர், தமையனோடு தங்கியிருந்தார். தமையனும் தோழர்களும் கூடித் தேநீர் அருந்துவர், சிரிப்பர், பின் நூலை விரித்துச் சத்தமிட்டு வாதிடுவர். சிறுவர் மூலையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பார். இரவில் தமையன் வேறொரு தோழரின் அறைக்கு முதாலஆவுக்காகச் செல்லும்போது, பார்வையற்றவருக்குத் தேவையில்லை என்று விளக்கை அணைத்துவிட்டுப் போவார். அவ்விருளில் சுவரோரங்களின் சிற்றொலிகளைக் கேட்டு அஞ்சிக் கிடந்ததை அவர் முதிர்ந்த வயதிலும் மறக்கவில்லை. சில காலத்தின் பின் ஊரிலிருந்து அவரது சிற்றன்னையின் மகன் படிக்க வந்து சேர்ந்தார். அன்றுமுதல் வாசித்துக் காட்டவும் வாதிடவும் அவருக்கும் ஒருவர் கிடைத்தார். இருவரும் பாடத்துக்கு முன்பும் பின்பும் சேர்ந்து படிக்கத் தொடங்கினர்.